வௌவால் குகையில் வாய்க்கரிசி

வௌவால் எரு சலிக்கிற வேலையில் முதலில் சாவது மூக்கு; அது செத்துத் தொலைந்த பிறகுதான் மற்ற உறுப்புகள் பிழைக்கப் பழகும். ஜப்பான்காரன் காலத்தை மரவள்ளிக் கிழங்கும் சாக்குத் துணியுமாக ஓட்டியவர்கள் நீங்கள். உங்களிடம் போய்க் கஷ்டம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலருக்கு ரோடு போடுகிற வேலை வாய்த்தது, சிலருக்கு மூட்டை தூக்குகிற வேலை. எனக்கு வாய்த்தது வௌவால் பீ.

மலாயாவின் கெடாவில், பாலிங் பக்கத்து ரப்பர்த் தீம்பார் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான், ரப்பரைச் சீந்துவார் இல்லை. பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். மரவள்ளிக்கு எரு வேண்டுமே! தீம்பாருக்குப் பின்னால் நிற்கிற சுண்ணாம்பு மலையின் குகையில் அது முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. ஆண்கள் வெட்டிப் போட, பெண்கள் சல்லடையில் சலித்துச் சாக்கில் கட்டினோம்.

நாற்றம் பெரிதில்லை, பயம்தான் பெரிது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்த அன்று, என் வீட்டுக்காரர் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் அப்படியே மலையேறிவிட்டார். நான் எரு சலிக்கிற அதே குகைக்கு மேலே, உள்ளுக்கும் மலையின் பின்பக்கத்துக்கும் திறந்த ஒரு பொந்து உண்டு. அதில்தான் ஒளிந்திருந்தார். பிடிபட்டால் அவருக்கு என்ன ஆகும், ஒளித்து வைத்த எனக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். விஷயம் தெரிந்தவள் என்னைத் தவிர அஞ்சலையக்கா ஒருத்திதான். என் பக்கத்தில் நின்று சலிப்பவள். அக்காவின் வீட்டுக்காரர் அந்த லாரியில் போய்விட்டார்.

வாலறுந்த சிப்புட்

எருவை அள்ளி அடிமண் தெரிந்த இடத்தில், ஒரு நாள் என் சல்லடை கடகடவென்று சத்தம் போட்டது. குனிந்து பார்த்தால் சிப்புட். ஆற்று நத்தையைத்தான் சொல்கிறேன். வாலை நறுக்கி, அவித்து, வாய் வைத்து உறிஞ்சினால் சதை தானாக வரும். அரிசி கண்ணில் படாத அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் விருந்து. சல்லடையில் கிடந்த ஒவ்வொன்றுக்கும் வால் நறுக்கியிருந்தது. போன வாரம் ஒரு சட்டி சிப்புட்டை நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் தின்றுவிட்டு ஓட்டைக் கீழே வீசியிருக்கிறார் என்றே நினைத்தேன்.

கங்காணி சின்னையா வந்து நின்றார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்தவர். பயந்தவர் கெட்டவரைவிட ஆபத்து. "எவனோ இங்க உக்காந்து தின்னிருக்கான். யாராவது ஒளிஞ்சிருக்கானா?" என்றார். "நான்தான் ஐயா, பசி பொறுக்காம தின்னேன்" என்று முந்திக்கொண்டேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கூடை வந்தது, அதிலும் சிப்புட். அதற்கடுத்த கூடையிலும் சிப்புட். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு மாட்டு வண்டி கொள்ளும் அளவுக்குக் குவிந்துவிட்டது. கங்காணி குவியலை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"இம்புட்டும் தின்னுட்டா இப்படி எலும்பும் தோலுமா நிக்கிற, பாக்கியம்?"

புகை

விறகு பொறுக்கப் போகிற சாக்கில், மலையின் பின்பக்கமாக வேரைப் பிடித்து ஏறிப் பொந்துக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் பயந்துதான் போவேன். தாடியும் சடையுமாக, இடுப்பில் சாக்கு, கையில் கூராக்கிய மூங்கில். என் கழுத்தில் தாலி கட்டியவர் இவர்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டுதான் பக்கத்தில் போவேன். அந்தக் குவியலில் நீங்கள் வீசிய ஓடும் உண்டா என்று கேட்டேன். ஒன்றுகூட வீசவில்லை, எல்லாவற்றையும் இங்கேயே புதைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்படியானால் கீழே உட்கார்ந்து தின்றது யார்? அதை நினைக்க எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவருக்கு வேறு கவலை. பொந்துக்குக் கீழே ஈர மண்ணில் புலி நடந்த தடத்தைக் காட்டினார். நெருப்பு மூட்டுங்களேன் என்றேன். அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

"புலிக்குப் பயந்தா நெருப்ப மூட்டணும், ஜப்பான்காரனுக்குப் பயந்தா நெருப்ப அணைக்கணும். நான் யாருக்கு முதல்ல பயப்படட்டும், நீயே சொல்லு."

துரை நடத்திய பாடம்

எரு எவ்வளவு தேறும் என்று பார்க்க ஒரு ஜப்பான் துரை வந்தார். கண்ணாடி போட்டிருந்ததால் எங்களுக்கு அவர் கண்ணாடித் துரை. கூடவே ரகுமான் நானா. பாலிங் டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணியில்லாமல் கடையைச் சாத்திய பிறகு, கொஞ்சம் ஜப்பான் பேச்சைக் கற்றுக்கொண்ட பாவத்துக்கு அவரைப் பேச்சு மாற்றிச் சொல்கிற வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். நாங்கள் வரிசையாக நின்று இடுப்பை மடித்துக் கும்பிட்டோம். துரை எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகச் சிப்புட் குவியலுக்குப் போய் மண்டியிட்டார். பிறகு கங்காணி பாராங் கத்தி தீட்டுவதற்கு வைத்திருந்த கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவும் எருவுக்கடியில் கிடைத்ததுதான். யாரோ இரண்டு பக்கமும் செதுக்கி விளிம்பைக் கூராக்கிய கல். யார் எடுத்தது என்று துரை ஒரு சத்தம் போட்டார். யாருக்கு முதல் அறை விழும் என்று நாங்கள் காத்திருக்க, துரை சிரித்தார். அவர் சிரித்தது எங்களை இன்னும் நடுக்கிவிட்டது.

அடிக்கவில்லை. பாடம் நடத்தினார். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் குகையில் மனிதர்கள் இருந்தார்களாம். அவர்களுக்கும் வெகு முன்னால் இருந்தவர்களுக்கு நெற்றி சரிந்து, தாடை பெருத்து இருந்ததாம். நிமிர்ந்து நடக்கப் பழகியதும் கை சும்மாயிருந்தது. சும்மாயிருந்த கை கல்லை எடுத்தது. இடித்து, நெருப்பில் சுட்டுத் தின்னத் தின்னத் தாடை சின்னதாகியது. இந்தக் குகைக்காரர்கள் கடைசியில் வந்தவர்கள், நம்மைப் போலவே இருப்பார்கள். இரும்பு கிடையாது, துணி கிடையாது, அரிசி கிடையாது. காட்டுக் கிழங்கும் நத்தையும்தான் சாப்பாடு. உள்ளே இருட்டு என்று குகை வாசலிலேயே படுப்பார்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் பதறி எழுந்து ஓடுவார்கள், போனவன் திரும்புவானா என்று யாருக்கும் தெரியாது. இப்படி நானா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அஞ்சலையக்கா சாக்குச் சேலையை இழுத்து மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நானா, இவரு ஆதி காலத்தச் சொல்றாரா, போன மாசத்தச் சொல்றாரா?"

குந்தியிருந்தவர்

இனி எலும்போ கல்லோ தென்பட்டால் யாரும் தொடக்கூடாது, ஆளனுப்பிச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுத் துரை போனார். மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் மேலே என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மலாய்க்காரம்மாவிடம் என் கல்யாணச் சேலையைக் கொடுத்து ஒரு பிடி அரிசி வாங்கினேன். கஞ்சி வைத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அதை மடியில் முடிந்துகொண்டு வேலைக்கு வந்தேன். அன்று பார்த்தா மண்வெட்டியில் மண்டையோடு தட்டுப்பட வேண்டும்! முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது ஒரு மனித உருவம். சுற்றிலும் சிவப்பு மண், மேலே கற்கள். கைகாலைக் கட்டிக் கொன்று புதைத்திருக்கிறான் ஜப்பான்காரன் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். துரை சொன்ன பாடமெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருந்தது?

அஞ்சலையக்கா குழிக்குள் இறங்கினாள். அவள் வீட்டுக்காரருக்கு முன்பல் ஒன்று கிடையாது. அவள் அந்த வாயைத்தான் முதலில் பார்த்தாள். பல்லெல்லாம் இருந்தது, தேய்ந்து தட்டையாக இருந்தது. "அவரு இல்ல" என்றாள். ஆனால் குழியைவிட்டு ஏறவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். என் மடியில் அரிசி இருப்பது அவளுக்குத் தெரியும். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற ஆளுக்கு வைத்திருப்பதை எவனோ ஒரு பிணத்துக்கா போடுவது என்று குனிந்து அவள் காதோடு சீறினேன். அக்கா கையை மடக்கவே இல்லை. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு என்னால் முடிச்சை அவிழ்க்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு எந்த மண்ணுல யாரு போடப்போறாங்களோ தெரியல. இவருக்கு நாம போட்டா, அவருக்கு அங்க யாராவது போடுவாங்கடி."

தலை அளவு

அந்த வாயில் சில மணி அரிசியைப் போட்டு, மறுபடி மண்ணை மூடி, கற்களை அடுக்கி, துரைக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து சேருவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. வந்தவர் குழிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு சின்னத் தூரிகையால் மண்டையோட்டைக் கூட்டினார். எங்கள் வீட்டில் நாங்கள் வாசலைக்கூட அவ்வளவு பதமாகக் கூட்டியதில்லை. பிறகு பெட்டியிலிருந்து கிடுக்கி மாதிரி ஒரு இரும்பை எடுத்தார். கங்காணியைக் கூப்பிட்டு மண்டியிடச் சொன்னார்.

எங்கெங்கோ தலை வெட்டிய செய்திகள் நாள் தவறாமல் காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. கங்காணி மண்டியிட்டதும் எங்களில் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. துரை அந்த இரும்பை அவர் நெற்றியில் வைத்தார், காதுக்குக் காது வைத்தார், தாடையில் வைத்தார், தாளில் எழுதினார். கங்காணி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அவர் வேட்டி நனைந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன். குழியில் இருப்பவருடைய தாடையையும் நம்முடைய தாடையையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த அளவு, குரங்கு மாதிரி இருந்த மூதாதையிடமிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கிறார் என நானா சொன்ன பிறகுதான் கங்காணி கண்ணைத் திறந்தார்.

"வெட்டறதுக்கு இல்லன்னா சரி நானா, குரங்குன்னு வேணும்னாலும் எழுதிக்கச் சொல்லுங்க."

அரிசி

அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் அது நடந்தது. துரையின் தூரிகை வாய்க்கு வந்தது. திடீரென்று ஒரு சத்தம் போட்டார். ஈரத்தில் கறுத்து, மண்ணோடு ஒட்டிப் பல்லிடுக்கில் கிடந்த அரிசியை ஒரு ஊசியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிக் குதித்தார். கல்லைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர்கள் அரிசி தின்றிருக்கிறார்கள், இதை உலகத்தில் ஒருவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்று நானா மாற்றிச் சொன்னார். சொல்லும்போதே நானாவின் குரல் தேய்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம் அது, இந்துக்கள் வீட்டுச் சாவுக்குப் போய் நின்றவர். பிணத்தின் வாயில் அரிசி எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

துரை ஏமாந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று இருந்தோம். ஆனால் அவருடைய சந்தோஷம் அதோடு நிற்கவில்லை. அரிசி வைத்திருந்தவர்கள் அதைக் காய்ந்த இடத்தில்தானே சேர்த்து வைத்திருப்பார்கள், கீழே ஈரம், அதனால் மேலே பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்தப் பொந்தைக் கை காட்டினார். மூங்கில் ஏணி கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் ஏணியைத் தூக்கி வந்து பாறையில் சாத்தினார்கள். மேலிருந்து பொடிக்கல் நான்கைந்து உருண்டு விழுந்தது. துரை நிமிர்ந்து பார்த்தார். நானா ஜப்பான் பேச்சில் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி "வௌவால்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

துரை முதல் படியில் கால் வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, யோசனையும் வரவில்லை. ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் போட்டேன். என் மடியில இருந்த அரிசி அது. வாய்க்கரிசி போட்டேன்" என்று கத்தினேன். குகை முழுக்க அது எதிரொலித்தது. நானா சொல்லலாமா வேண்டாமா என்று விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். துரை இறங்கி வந்தார். தன் கையில் இருந்த அரிசியைப் பார்த்தார். அவர் முகம் செத்துப் போனதை நான் பார்த்தேன். அடுத்தது எனக்குக் காது கேட்கவில்லை, எரு மேட்டில் கிடந்தேன். அறை அப்படி. எழுந்து நின்றால் இன்னொன்று. எதற்காக வாயில் போட்டாய் என்று கேட்டார். போகிற வழியில் பசிக்குமே என்றேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏணியை எடுத்துவிடச் சொன்னார். அரிசியே இல்லை என்றால் அதைச் சேர்த்து வைத்த இடம் எதற்கு? கடைசியில் நானாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்.

"அவரு ஊர்லயும் செத்தவங்க தலைமாட்டுல ஒரு கிண்ணம் சோறு வைப்பாங்களாம், தங்கச்சி. ஆனா உன்னை அறைஞ்சது அறைஞ்சதுதானாம்."

பெட்டி

எலும்புகளை வைக்கோலில் பொதிந்து ஒரு பலகைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினார்கள். ஆள் பிடிக்க வந்ததும் இதே மாதிரி லாரிதான். அன்று கத்தி செருகிய துப்பாக்கியைக் காட்டி, ஒருத்தியும் அழக்கூடாது என்று மிரட்டியிருந்தார்கள். நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம். இன்று லாரி உறுமியதும் அஞ்சலையக்கா மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தாள். ராசா என்றாள், தேரிலே போறீங்களா என்றாள், வழியிலே யாரு சோறு போடுவா என்றாள். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. துரை கையை அசைத்து அவனைத் தடுத்தார். கங்காணி ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். யாருன்னே தெரியாத எலும்புக்கு ஏன்டி எங்கள் எல்லாரையும் சாகடிக்கப் பார்க்கிற என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். லாரி வளைவில் திரும்பி மறைகிற வரை அக்கா நிறுத்தவில்லை. அவள் வீட்டுக்காரர் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. எந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்லவும் ஆள் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கங்காணிக்குச் சொன்ன பதில் இன்னும் என் காதில் கிடக்கிறது.

"போன யாருக்கும் அழ விடல நீங்க. இவரு ஒருத்தருக்காவது வாய்விட்டு அழுதுக்கறேன், விடுங்க."

ஆதி மனிதன் குகையில் எப்படிக் காய்ச்சலோடும் பயத்தோடும் காலம் தள்ளினான் என்று கண்டுபிடிக்க வந்த துரை, தலைக்கு மேலே உயிரோடு ஒருத்தரை எனக்கு விட்டுவிட்டு, எலும்பைத் தூக்கிக்கொண்டு போனார்.